உப்பளத்திலிருந்து ஓர் அரூப ஓவியம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

அரூப ஓவியம், அதாவது அடையாளம் தெரியும் உருவம் இல்லாமல் நிறம், கோடு, பரப்பு ஆகியவற்றாலேயே ஆகும் படம், கற்க வருகிறவர்களில் பலர் முதல் நாளே பெரிய கேன்வாஸ் ஒன்றை வாங்கி, பிடித்த நிறங்களையெல்லாம் பிதுக்கி, கை போன போக்கில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடும். ‘நமக்கு இது வராது’ என்று பெட்டியை மூடி வைத்துவிடுவார்கள். அவர்கள் கையில் குறை ஒன்றுமில்லை. கண்ணுக்கு முன்னால் எதையும் வைத்துக்கொள்ளாமல் தொடங்கியதால் வந்த வினை அது.

டச்சு ஓவியர் பீட் மோண்ட்ரியன் என்றதும் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும்தான் பலருக்கு நினைவு வரும். அவர் அங்கே வந்து சேர்ந்த வழியெல்லாம் மரங்கள் நிற்கின்றன. 1908-10இல் வரைந்த சிவப்பு மரத்தில் தண்டு, கிளை, அந்தி வானம் எல்லாம் அடையாளம் தெரியும். 1911இன் சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. அவற்றுக்கு நடுவிலுள்ள வெற்றிடமும் கிளைகள் அளவுக்கே கனம் பெற்றிருக்கிறது. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில், தலைப்பைப் படிக்காவிட்டால் மரம் என்று சொல்வது கடினம். வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் ஓட்டம் மட்டும் இருக்கிறது. மூன்றையும் இணையத்தில் தேடி எடுத்து, வரிசையாக வைத்து, நிதானமாகப் பாருங்கள். எதை விட்டார், எதை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் முதல் பயிற்சி இதுதான்.

நீங்கள் செய்யப்போவதும் அதே வேலை. ஓர் இடத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு எதை விடலாம் என்று தீர்மானிக்க வேண்டும். உதாரணத்துக்கு நான் உப்பளத்தை எடுத்துக்கொள்கிறேன். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி என்று நம் கடற்கரையில் பல இடங்களில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது மரக்காணத்தில் இருபுறமும் பார்த்திருப்பார்கள். வரப்பு, பாத்தி, நீர், வெண்குவியல், வானம் என்று நான்கைந்து பொருள்தான் அங்கே. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வாங்க வேண்டியவை

அக்ரிலிக் வண்ணத்தில் தொடங்குங்கள். தண்ணீரில் கரையும், வாடை குறைவு, சீக்கிரம் காய்வதால் ஒரே நாளில் பல அடுக்குகள் பூசலாம். ஆறு ட்யூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள். மற்றவற்றைவிட வேகமாகத் தீரும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சம அளவு கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கருமை, சியன்னாவைக் கூட்டினால் சூடான கருமை. ட்யூபிலிருந்து வரும் கறுப்புக்கு இந்த உயிர் கிடையாது.

மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம். பயிற்சிக்கு அது போதும். கைக்காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நீலத்தையும் சிவப்பையும் மட்டும் ஓவியர் தரத்தில் வாங்குங்கள். வித்தியாசம் முதலில் தெரிவது அவற்றில்தான்.

தூரிகையில் அரை அங்குலமும் ஒரு அங்குலமும் தட்டையானவை, உருண்டை ஒன்று. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்று. சுவருக்குப் பட்டி பார்க்கும் சிறிய தகடு, காலாவதியான ஏடிஎம் கார்டு, பழைய பருத்தித் துணி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். வரைவதற்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளும், 12×16 அங்குல கேன்வாஸ் போர்டு இரண்டும். வெளியில் எடுத்துப்போக ஏ5 அளவு நோட்டு, 2பி, 6பி பென்சில்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும். ஒரு தட்டில் ஈரமான டிஷ்யூ தாளை இரண்டு மடிப்பாக விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, வண்ணத்தை அதில் வையுங்கள். வேலை செய்யும்போது மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்புங்கள், தட்டின் பக்கம் வேண்டாம். இதைச் செய்தாலே வண்ணம் வீணாவது பாதியாகக் குறையும்.

இடத்துக்குப் போவது

உப்பளத்துக்குக் காலையில் வெயில் ஏறுமுன் போங்கள், அல்லது மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். அங்கே உழைப்பவர்கள் அந்த வெண்மையிலேயே நாள் முழுக்க நிற்கிறார்கள் என்பது தனியாகச் சொல்லப்பட வேண்டிய சங்கதி. அவர்களிடம் கேட்டுவிட்டு, வரப்போரமாக மட்டும் நில்லுங்கள். பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். அதில் நாம் கால் வைத்தால் அவர்கள் வேலை கெடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. உற்பத்தி நின்று அளமே ஏரியாகத் தெரியும். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் முதல் முறை கோடையில் போங்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி வரும். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் மாற்றுகிறார்கள். அடர்த்தியை ‘போமே’ என்ற டிகிரி கணக்கில் அளக்கிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. உப்பு படியத் தொடங்குவது ஏறக்குறைய 25 டிகிரியில். அடர்த்தி ஏற ஏற நீரில் வாழும் நுண்ணுயிர்களும் மாறும். உப்பு மிகுந்த நீரில் மட்டும் பெருகும் டுனலியெல்லா என்ற பாசியும் சில நுண்ணுயிர்களும் சேர்ந்து நீருக்கு இளஞ்சிவப்போ செங்கல் சாயலோ கொடுக்கின்றன. எல்லாப் பாத்தியிலும் எல்லா நாளும் அது தெரியாது. தெரியும் நாளில் பச்சைச் சாம்பலில் தொடங்கி, நிறமற்ற பளபளப்பு, இளஞ்சிவப்பு, வெண்மை என்று ஒரே பார்வையில் நீர் உப்பாகும் காலம் முழுவதும் பரந்து கிடக்கும்.

அரூப ஓவியத்துக்கான வாசல் இங்கேதான் என்பது என் எண்ணம். உப்பளத்தின் தோற்றத்தை வரைந்தால் அது நிலக்காட்சி ஓவியம். நீர் சுண்டிச் சுண்டி வெளுக்கும் அந்தப் போக்கை எடுத்துக்கொண்டால், குவியலும் தொழிலாளியும் பனைமரமும் இல்லாமலே படம் அந்த இடத்தைச் சேர்ந்ததாக இருக்கும்.

பயணம் போக முடியாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். வெந்நீரில் கரையும் மட்டும் கல்லுப்பைக் கரைத்து, வடிகட்டி, கறுப்புத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, யாரும் தொடாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். சதுரச் சதுரமாகப் படிகம் வளரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில படிகங்களில் சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று படிக்கட்டுப்போல் உள்ளே இறங்குவது தெரியும். தட்டின் ஓரத்தில் படிகங்கள் நெருங்கி, நடுவில் விலகி இருக்கும். ஒரு படத்துக்கான அமைப்பு அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

பென்சிலோடு

போன் கேமராவைப் பையில் வையுங்கள். கடைசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளலாம், நினைவுக்காக. முதலிலேயே எடுத்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

தடித்த அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மெல்ல நகர்த்தி, உங்களை நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடுங்கள். விவரங்கள் மங்கி, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று தொகுதிகள் மட்டும் தெரியும். அந்த மூன்றை மட்டும் நோட்டில் வரையுங்கள். ஒரு வரைவுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அழகாக வர வேண்டியதில்லை, யாருக்கும் காட்டப்போவதில்லை.

ஏழெட்டு வரைவு முடிந்ததும் வேறு கேள்விகளோடு பாருங்கள். கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? எந்த விளிம்பு கத்திபோல் வெட்டுகிறது, எது கரைகிறது? வரப்பு நீருக்கு மேலே தெளிவான கோடு. நீருக்குள் இறங்கும் இடத்திலோ அது எங்கே முடிகிறது என்றே தெரியாது. பெரிய பரப்பு எத்தனை, சிறிய பரப்பு எத்தனை? உப்பளத்தில் அகன்ற வெறுமை நிறைய, அதை வெட்டும் கோடு கொஞ்சம். இந்த விகிதம்தான் அந்த இடத்தின் குணம். படத்தில் எல்லாவற்றையும் மாற்றலாம், விகிதத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.

பக்கத்திலேயே சொற்களாகவும் எழுதுங்கள். ‘வெள்ளைக்கு அடியில் சாம்பல்’, ‘காற்று அடித்தால் பாத்தி முழுக்க ஒரே திசையில் சுருக்கம்’, ‘ஓரத்தில் துரு நிறம்’. ஒரு மாதம் கழித்து வரையும்போது போட்டோவைவிட இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

அடிவானத்தை எடுத்துவிடுங்கள்

வீட்டுக்கு வந்து, இருப்பதில் உயிருள்ள வரைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய தாளில் ஆறு சின்னச் சட்டங்கள் போட்டு, அதே வரைவை ஆறு விதமாக மாற்றிப் பாருங்கள். ஒன்றில் கிடைக்கோடுகள் மட்டும். இன்னொன்றில் ஒரு மூலையை மட்டும் சட்டம் நிறையும்படி பெரிதாக்குங்கள். அடுத்ததில் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஒன்றில் கோடே இல்லாமல் பரப்புகள் மட்டும். ஒன்றில் வரப்புகளை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைபடமாக்குங்கள்.

ஆறாவதில் அடிவானத்தை நீக்குங்கள். இந்த ஒன்றுக்கு மற்ற ஐந்தையும்விட அதிக நேரம் கொடுங்கள். படத்தில் குறுக்காக ஒரு கோடு ஓடி, மேலே வெளிர் நிறம், கீழே அடர் நிறம் இருந்தால் பார்ப்பவர் கண் உடனே ‘வானம், நிலம்’ என்று படித்துவிடும். அப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் அது காட்சிதான். கோட்டைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் பரப்புகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசத் தொடங்கும். எது முன்னால், எது பின்னால் என்ற கேள்வி திறந்தே இருக்கும்.

இந்திய ஓவியர் ராம் குமார் 1950களில் நகரத்து மனிதர்களை வரைந்துகொண்டிருந்தவர். 1960இல் காசிக்குப் போனார். அதன்பின் அவர் படங்களிலிருந்து மனித உருவம் மறைந்தது. படித்துறைகளும் நெருக்கமான வீடுகளும் சரிந்த தளங்களாக மாறின. பிந்தைய படங்களில் அந்தத் தளங்களும் நிலத்தின், நீரின் பெயர் சொல்ல முடியாத பரப்புகளாயின. ஒரே இடத்திலிருந்து படிப்படியாக எவ்வளவு எடுக்கலாம் என்று அறிய அவருடைய காசிப் படங்களைப் பாருங்கள்.

நிறம் சேர்ப்பது

குறிப்பு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரையத் தொடங்குமுன் நிறப்பட்டை ஒன்று தயாரியுங்கள். உப்பளத்துக்கு நான் சொல்லும் கலவைகள் இவை. பச்சைச் சாம்பல் நீருக்கு அல்ட்ராமரின், ஓக்கர், வெள்ளை. இளஞ்சிவப்புக்கு வெள்ளையில் ஓக்கர் சிறிது, கிரிம்சன் ஊசிமுனை அளவு. கிரிம்சனைத் தூரிகையால் எடுத்தாலே அதிகம், கார்டின் மூலையால் எடுங்கள். வரப்புக்குப் பர்ன்ட் சியன்னாவில் நீலம் கொஞ்சம்.

வெண்மைதான் கடினம். ட்யூபிலுள்ள வெள்ளையை அப்படியே பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் உயிரில்லாமல் நிற்கும். ஒரு பகுதியில் துளி சியன்னா, இன்னொரு பகுதியில் துளி நீலம், மற்றொன்றில் துளி மஞ்சள் என்று மூன்று நான்கு வெள்ளைகள் செய்யுங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் ஒளி வரும். கலப்பற்ற வெள்ளையைப் படத்தின் ஒரே ஓர் இடத்துக்காகக் கடைசிவரை காப்பாற்றி வையுங்கள்.

அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் அடர்த்தியாகும். அதனால் பட்டை காய்ந்த பிறகே தீர்மானியுங்கள்.

பலகையில்

கேன்வாஸ் போர்டில் பெரும்பாலும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியே வரும். இருந்தாலும் மேலும் இரண்டு கை பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு நீர்த்த பர்ன்ட் சியன்னாவைப் பரப்பு முழுக்கப் பூசி வெள்ளையை அடக்குங்கள். பின்னால் பூசும் குளிர்ந்த நிறங்களின் இடுக்கில் இந்தச் சூடு எட்டிப் பார்க்கும். உப்புக்கு அடியிலுள்ள மண் அது.

அது காய்ந்ததும் இரண்டு அங்குலப் பிரஷால் பெரிய பரப்புகளை மட்டும் வையுங்கள். சின்னத் தூரிகையைத் தொடவே கூடாது. முக்கால் படம் இந்தப் பிரஷிலேயே முடிய வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் முழுதாகக் காயவிடுங்கள். மெல்லிய பூச்சு என்றால் அரை மணிக்குள் காய்ந்துவிடும். ஈரத்தின் மேல் ஈரத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் சேறு உண்டாகும் வழி.

மூன்றாவது நான்காவது அடுக்கில், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கார்டாலோ பட்டித் தகட்டாலோ ஒரே இழுப்பில் சுரண்டுங்கள். அடியிலுள்ள நிறம் கோடாக வெளியே வரும். உப்பளத்தில் நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். அந்த இழுப்பின் நீளமும் ஒரே சீரான அழுத்தமும் உங்கள் கைக்கு வந்தால், கோட்டில் அந்த உழைப்பு தெரியும். பழைய தாளில் பலமுறை இழுத்துப் பழகிவிட்டுப் பலகைக்கு வாருங்கள்.

மெல்லிய படலம் வேண்டுமென்றால் தண்ணீரை அள்ளி ஊற்றாமல் அக்ரிலிக் மீடியம் (நிறமி இல்லாத அக்ரிலிக் பசை) சேருங்கள். தண்ணீர் மிகுந்தால் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை பலமிழந்து, நாளடைவில் பொடியாக உதிரும்.

ஈரமான நீர்வண்ணத்தில் உப்பைத் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும் என்று பலரும் காட்டுவார்கள். தாளில் செய்து பாருங்கள், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உப்பளப் படத்தில் அதை வைக்க வேண்டாம் என்பேன். அந்தப் பூக்களுக்கும் பாத்திக்கும் ஒட்டே இல்லை; தாளில் தங்கிவிடும் உப்பு ஈரத்தையும் இழுக்கும்.

வண்ணத்தை ஊற்றி வரைய ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல், பூச்சில்லாத கேன்வாஸைத் தரையில் விரித்து, நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ‘மலைகளும் கடலும்’ என்ற படத்தை வரைந்தார். அப்போது அவருக்கு 23 வயது. பார்த்தால் ஒரே மூச்சில் வந்ததுபோல் இருக்கும். அதற்கு முன் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்குப் போய், அந்த இடத்தை நீர்வண்ணத்தில் வரைந்து பழகிவிட்டுத்தான் திரும்பியிருந்தார். நீங்களும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆனால் எண்ணெய் வண்ணம் வேண்டாம். பூச்சில்லாத துணியை எண்ணெய் காலப்போக்கில் அரித்துவிடும். அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை இல்லை.

நடுவழியில் நின்றுபோனால்

படம் சரியில்லை என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. முதலில் போனில் கறுப்பு-வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தில் குற்றமில்லை, ஒளி-இருள் வித்தியாசம் போதவில்லை. ஓர் இடத்தில் இருட்டைக் கூட்டுங்கள்.

பிறகு பலகையைத் தலைகீழாகத் திருப்பி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பரப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான் புதியவர்களின் படத்தில் நான் அதிகம் பார்க்கும் குறை. ஒன்றைத் துணிந்து பெரிதாக்குங்கள், இரண்டை அழியுங்கள். மிகவும் பிடித்த ஒரு சின்ன மூலைக்காக மற்ற எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டிருந்தால், அந்த மூலையின் மேல் வண்ணம் பூசிவிடுவது பெரும்பாலும் படத்தைக் காப்பாற்றும். மனம் வராது. பூசுங்கள்.

‘இது என்ன?’ என்று வீட்டில் கேட்பார்கள். நோட்டைத் திறந்து காட்டுங்கள். முதல் வரைவிலிருந்து பலகை வரைக்கும் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில்லை.

நேரில் பார்க்க

திரையில் பார்ப்பது போதாது. அடுக்குகளும் விளிம்புகளும் நேரில்தான் தெரியும். மரக்காணம் போகும் அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி உருவாக்கியது. அங்குள்ள காட்சிக்கூடத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைப் பார்க்கலாம். காலையில் உப்பளம், திரும்பும் வழியில் சோழமண்டலம் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.

அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூரின் படங்கள் எங்காவது காட்சிக்கு வந்தால் தவறவிடாதீர்கள். பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரத்தில் பழகி, சென்னையிலேயே வாழ்ந்து, 2022இல் மறைந்தவர். நிறத்தின் மேல் நிறம் ஏறும் அடுக்குகளை அவரிடம் கற்கலாம். மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் வளர்ந்து 1950இல் பிரான்ஸ் போன ஓவியர் எஸ்.எச். ரஸாவின் 1970களின் படங்களில் அந்தக் காட்டின் இருட்டும் தீயும் நிறமாகவே இருக்கின்றன. அவருடைய ‘பிந்து’ (புள்ளி) வட்டங்களை மட்டும் தெரிந்தவர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய காலம் அது.

முடித்த பிறகு

மெல்லிய பூச்சென்றால் சில நாள், கனமான பூச்சென்றால் அதைவிட அதிகம் காயவிட்டு வார்னிஷ் பூசுங்கள். அக்ரிலிக் வெயில் காலத்தில் லேசாகப் பிசுபிசுக்கும். படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். பலகையின் பின்புறம் இடம், தேதி, பார்த்த நேரம், பயன்படுத்திய நிறங்கள் என இந்த நான்கு விவரங்களையும் எழுதுங்கள்.

அடுத்த படத்துக்கு வேறு இடம் தேடாதீர்கள். அதே நோட்டிலிருந்து இன்னொரு வரைவை எடுங்கள், பாதி அளவுப் பலகையில், மூன்றே நிறத்தில். மழை வந்ததும் அதே வரப்பில் போய் நின்று, பாத்திகள் மூழ்கிக் கிடப்பதை வரைந்து வாருங்கள். ஓர் இடத்திலிருந்து ஐந்தாறு படம் எடுத்த பிறகு ஆற்றுமணலுக்கோ, பனந்தண்டுக்கோ, காய்ந்த ஏரியின் வெடிப்புக்கோ போகலாம்.